பாய்வு முப்பத்தெட்டு

ஜெசிந்தாவின் திருமண ஓலை மாதா கோயிலில் முதன்முறையாக வாசிக்கப்பட்ட ஞாயிறன்றே, அவளுடைய தந்தை சவேரியானின் கைக்கு வேர்நிலையத்தின் அறிவிப்பு வந்து சேர்ந்தது. ‘வளையம் உருவாகும். உறுப்பினர் நால்வர். ஓர் இழை மூடப்படும்.’

தூத்துக்குடித் துறைமுக வட்டத்தில் பதினெட்டு ஆண்டுகளாக இழைக்காவலர் பணி பார்த்துவந்த அவருக்கு, அதில் விளங்காத சொல் ஒன்றும் இல்லை. இத்தகைய அறிவிப்புகளை நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அவரே கொண்டுசென்று கொடுத்திருக்கிறார். அழுதவர்களிடம், “சட்டம்மா, நான் என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்திருக்கிறார்.

உணர்விழை பிடரியில் பொருத்தப்படுவது. ஒருவர் மகிழ்ந்தால், இழை வழியே இணைந்தவர் அனைவரும் அம்மகிழ்ச்சியைப் பெறுவர். பெற்றதைத் தம்மோடு இணைந்த பிறருக்கும் கடத்துவர். இழை உணர்ச்சியின் கனத்தை மட்டுமே கடத்தும், காரணத்தைக் கடத்தாது. இணைப்புகள் மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து செல்லும்வரை தீங்கில்லை. இரண்டு கிளைகள் நுனியில் கூடி வளையமாகிவிட்டாலோ, புறப்பட்ட உணர்ச்சி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். வந்தது மறுபடியும் புறப்படும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளிஞ்சல் தெருவில், குளியலறையில் பாம்பைக் கண்டு ஒருத்தி திடுக்கிட்டாள். அத்திடுக்கீடு ஏழு பேர் கொண்ட வளையத்துக்குள் நான்கு நிமிடம் சுழன்றது. ஆறு பேர் பிழைத்தனர். ஏழாமவள் சவேரியானின் மனைவி அமலோற்பவம். இழை தானாகக் கருகியதால் இறந்தாள் என்று பதிவேடு கூறியது. தெருவின் இழைகளெல்லாம் கூடும் கிளைப்பெட்டிக்கு ஓடிவந்த சவேரியான் ஒரு நிமிடம் பிந்திவிட்டார்.

அதற்குப் பின்னரே ஒருவழிச் சட்டம் வந்தது. எந்த இருவருக்கும் இடையே ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கலாம். வேர்நிலையம் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும். அத்துடிப்பு ஒருவரை இரண்டு வழிகளில் வந்தடைந்தால் அங்கே வளையம் உண்டென்று பொருள். வளையத்தின் இழைகளுள் எதில் பாய்வு மிகக் குறைவோ, அதுவே மூடப்படும். மூடிய இழை அறுக்கப்படுவதில்லை, உறங்கும். மாதத்தின் முதல் திங்களன்று மீளளவை நடைபெறும். திறந்த இழையின் பாய்வு, உறங்கும் இழையின் பழைய அளவுக்குக் கீழே இறங்கினால், திறந்திருந்தது உறங்க, உறங்கியது விழிக்கும்.

ஜெசிந்தா தன் அத்தை மகன் கஸ்பாரை மணக்கவிருந்தாள். உரிமைப் பெண்; உரிமை மாப்பிள்ளை. சவேரியானுக்கும் தங்கை லூர்தம்மாளுக்கும் இழை உண்டு. லூர்தம்மாளுக்கும் மகன் கஸ்பாருக்கும் உண்டு. தந்தைக்கும் மகளுக்கும் உண்டு. திருமண இழை சேர்ந்தால் வளையம் முழுமையாகும். திருமண இழையை மூடச் சட்டத்தில் இடமில்லை.

சவேரியான் பாய்வுமானியைப் பார்த்தார். லூர்தம்மாளுக்கும் மகனுக்கும் அறுபத்து மூன்று. ஓயாமல் கவலைப்படும் தாய் அவள். அண்ணனுக்கும் தங்கைக்கும் முப்பத்தெட்டு. ஓயாமல் குறை சொல்லும் தங்கையும் அவளே. தந்தைக்கும் மகளுக்கும் பதினொன்று.

“பதினொண்ணா?” என்று வாய்விட்டுக் கேட்டார். மகளோடு அவர் ஒருநாளும் சண்டையிட்டதில்லை. காலையில் அவள் விழிப்பதும், பகலில் அவள் தேநீர் அருந்துவதும் தம் நெஞ்சின் ஓரத்தில் இளஞ்சூடாகத் தெரிய, அந்த நிம்மதியிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார். நிம்மதிக்குக் கனமில்லை என்பதைக் கருவி இப்போது காட்டிற்று.

“ஏன்ணே இப்படி முழிக்கே?” என்றாள் அருகில் நின்ற லூர்தம்மாள். “உன் இழைய மூடுனா மூடட்டும். அவ சந்தோசம் கஸ்பாருக்கு வரும், அவன்ட்ட இருந்து எனக்கு வரும், என்ட்ட இருந்து உனக்கு வந்துட்டுப் போவுது. சுத்தி வந்தா என்ன, கெட்டா போவும்?”

கெட்டுத்தான் போகும் என்பதை அவர் அறிவார். மூன்று பேரைக் கடந்து வருவதற்குள் மகளின் மகிழ்ச்சியில் தங்கையின் சலிப்பு ஊறிப்போயிருக்கும்.

ஓலை இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்கப்படவேண்டும். அதுவரை அளவை நடக்கும். சவேரியான் மகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். அவளுடைய சிறுவயதுக் குறும்புகளைச் சொல்லிச் சிரித்தார். பாய்வு பதினான்காயிற்று. அதற்குமேல் அசையவில்லை.

அவருடைய வட்டத்திலேயே மிகுந்த பாய்வுள்ள இழை எதுவென்பது அவருக்குத் தெரியும். ஒரு மதிற்சுவருக்காக ஒன்பது ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவருடையது அது. இருநூற்றேழு. கருவிக்கு அன்பும் ஒன்றே, வெறுப்பும் ஒன்றே.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தைய வியாழனன்று, திருமணப் புடவையை மடித்துக்கொண்டிருந்த மகளின் எதிரே அமர்ந்தார்.

“ஜெசி, உங்கம்மா இழை தானா கருகல.”

“என்னப்பா சொல்றீங்க?”

“அன்னைக்கு நான் நேரத்துக்கே போயிட்டேன். சுழலும்போது அறுத்தா அறுபட்டவங்க பிழைக்க மாட்டாங்க, மத்தவங்க பிழைச்சிருவாங்க. ஏழு இழை எங்கையில இருந்துச்சு. அவளோடது பக்கத்துல இருந்துச்சு. அறுத்துட்டேன்.”

அது பொய். எனினும் ஒரு நிமிடப் பிந்தலின் குற்றவுணர்ச்சி பன்னிரண்டு ஆண்டுகளாக அவருள் இருந்தது. பொய்யின் நடுக்கமும் அதனோடு கலந்து இழையில் ஏறிற்று. ஜெசிந்தா அதை வாங்கினாள், நம்பினாள்.

“தேடிப் பார்த்து எடுத்தீங்களா, கைக்குக் கிடைச்சதா?” என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

“கைக்குக் கிடைச்சதுதான்.”

அவள் புடவையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து சென்றாள். பிடரியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தாற்போல் இருந்தது சவேரியானுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பாய்வுமானியை எடுத்துப் பார்த்தார். நூற்றிருபத்தொன்று.

திருமணம் நடந்தது. அண்ணன் தங்கை இழை, முப்பத்தெட்டில், உறங்கச் சென்றது. ‘வளையமற்ற குடும்பம்’ என்னும் சான்றிதழை லூர்தம்மாள் சட்டமிட்டு மாட்டினாள். ஜெசிந்தாவின் சினம் கணவனுக்கும், அவன் வழியே மாமியாருக்கும் நாள்தோறும் தவறாமல் சென்றது. சவேரியானின் பேச்சு வரும்போதெல்லாம் அது பொங்கியதால், காரணம் தெரியாமலேயே இருவரும் அவரை வெறுக்கத் தொடங்கினர். அவர்களுடைய வெறுப்பும் அந்த ஒரே வழியாக அவரை வந்தடைந்தது. உணவு இறங்கவில்லை. ஆயினும் விடியற்காலையில் மகள் விழிப்பது அவருக்குத் தெரிந்தது. அது போதுமென்றிருந்தார். முதல் மீளளவை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எண்ணினார். அது முடிந்தது, அடுத்த மாதமும் ஒன்று உண்டே என்று எண்ணினார்.

ஐந்தாம் மாதம் பாய்வு இறங்கத் தொடங்கியது. எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பத்தாறு. மீளளவைக்கு முந்தைய ஞாயிறன்று, பூசை முடிந்த கையோடு ஜெசிந்தா வந்தாள். கையில் தூக்குவாளி இருந்தது. திருமணத்துக்குப் பின் அவள் அவ்வீட்டுப் படியேறுவது அதுவே முதன்முறை.

“சீலாமீன் கொழம்பு,” என்றாள். “எளச்சுட்டீங்க. சாப்பிடுதீங்களா இல்லியா?”

“சாப்பிடுதேன்.”

“பொய் சொல்லாதீங்க. உங்க வயிறு காயுறது எனக்குத் தெரியாதா?” தட்டெடுத்து வைத்தாள். “எனக்கு மூணு மாசம்ப்பா.”

சவேரியான் தட்டின் முன் அமர்ந்தார்.

“சாமியார்ட்ட சொல்லி அழுதேன். அந்த எடத்துல நான் நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு கேட்டாரு. ஏழு பேரும் செத்திருப்பாங்க, இல்லையா? நீங்க ஆறு பேரக் காப்பாத்தியிருக்கீங்க. உங்களுக்கும் அவ பொண்டாட்டிதான.” குழம்பை ஊற்றினாள். “நான் மன்னிச்சுட்டேன். பிள்ளைக்கும் முதல் இழை உங்களோடதான். கஸ்பார்ட்டயும் சொல்லிட்டேன்.”

பிடரியின் எரிச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. பல மாதங்களுக்குப் பின் நெஞ்சின் ஓரத்தில் அந்த இளஞ்சூடு தட்டிற்று. மேசைமேல் இருந்த பாய்வுமானியை அவர் பார்த்தார். நாற்பத்தொன்று. நாற்பது. அவள் முந்தானையால் அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்தாள். முப்பத்தொன்பது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அளவை.

“சாப்பிடுங்கப்பா. ஆறிப்போவுது.”

அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

“ஜெசி, உட்காரு. அன்னைக்கு உங்கம்மா உடனே போகல. அரை மணி நேரம் உசிரு இருந்துச்சு. உன்னத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. நீ பக்கத்து வீட்டுல விளையாடிட்டு இருந்த. கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

ஜெசிந்தாவின் கை கரண்டியோடு நின்றது.

“ஏன்?”

“நீ அழுவ. எனக்குத் தொந்தரவு.”

அவள் கரண்டியை வைத்தாள். தூக்குவாளியைக்கூட எடுக்காமல், வயிற்றில் கையை வைத்தபடி படியிறங்கிச் சென்றாள். அவள் தெருமுனையைத் தாண்டுவதற்கு முன்பே அது வந்து சேர்ந்தது. முன்பு வந்தது இதற்கு ஈடில்லை. சவேரியான் மேசையைப் பற்றிக்கொண்டு குனிந்தார், கண் இருண்டது. பாய்வுமானியைத் தடவியெடுத்து முகத்தருகே கொண்டுவந்தார். இருநூற்று முப்பது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

மகள் அவருக்குள் முழுமையாக இருந்தாள். வாழ்நாளில் ஒருபோதும் அவள் அவருக்கு அவ்வளவு அருகில் வந்ததில்லை. அவர் மூச்சுத் திணறியவாறே, அடுத்த மாதத்துக்கு எதைச் சொல்வதென்று எண்ணத் தொடங்கினார்.