கைகாட்டும் வரை

பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த மலை பங்களாவுக்கு சர்வேயர் மறுபடி வந்து சேர்ந்தபோது நல்ல மத்தியானம். ஈரச் சுவர், பூஞ்சை வாசம், அதே முக்காலி. பழைய வரைபடத்தில் ஒரு சிகரம் இடம் தப்பி நிற்கிறது, சரிபார்த்து வா என்று மேலிடத்து உத்தரவு.

எந்தச் சிகரம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு அதன் உச்சியில் கொடி பிடிக்கப் போனவன் அவர் மனைவியின் தம்பி. கொடியைக் குறிபார்த்துக் கோணம் எடுத்ததும் கீழிருந்து வெள்ளைத் துணியை வீச வேண்டும். அதுவரை கொடிக்காரன் நகரக் கூடாது.

"நீங்க கைகாட்டாம இறங்கமாட்டேன் அத்தான். தூங்கிட்டீங்கன்னா அக்காகிட்ட போட்டுக் கொடுத்துடுவேன்!" சிரித்துக்கொண்டுதான் ஏறினான்.

பனிமூட்டம் வந்து மலையை மூடியது. துணி வீசினாலும் தெரியாது, ஆள் அனுப்பியிருக்கலாம். அவரோ கோணத்தை உத்தேசமாக எழுதிவிட்டு, 'தானே வந்துடுவான்' என்று கூடாரத்துக்குள் முடங்கினார்.

மறுநாள் கொடியை விடாமல் விறைத்துக் கிடந்தான்.

"இறங்கச் சொல்லியும் கேக்கலை" என்று மனைவியிடம் சொன்னார். அவளும் இத்தனை வருஷமாகத் தம்பியைத்தான் திட்டி அழுதாள், பாவம்.

இப்போது கருவியில் கண்ணை வைத்தார். பழைய கருவி, அதற்குள் உலகமே தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாய்ப் பாறை. தலைகீழாய் மரம்.

ஒரு கொடி.

பிடித்திருந்தவன் மட்டும் நேராக நின்றான்.

"அங்க ஆள் தெரியுதா, பாரு" என்று கிசுகிசுத்தார்.

கருவி சுமந்து வந்தவர் குனிந்து பார்த்தார். "வெறும் பாறைதான் சார். பசி கண்ணை மறைக்குதா?"

சர்வேயர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து வீசினார். கை ஓயும் வரை வீசினார். மறுபடி பார்த்தபோது உச்சி காலியாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினார். தெரு நெருங்க நெருங்க மனசு நழுவியது. அவன்தான் இறங்கிவிட்டானே, இனி எதற்கு?

மனைவி கதவைத் திறந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி வந்திருக்கான்" என்றாள், மெல்ல.

"என்ன உளர்ற?"

"பின்வாசல்ல கொடியோட நிக்கிறான். உள்ள வாடான்னா, நீங்க கைகாட்டினாத்தான் வருவேங்கிறான்." அவரையே பார்த்தாள். "ஏங்க... அன்னைக்கு நீங்க கைகாட்டவே இல்லையா?"

காற்று துளிகூட இல்லை. மூடிய பின்கதவுக்கு அப்பால் ஏதோ ஒரு துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.