கையில் பிடித்த ப்ளக்

ஃபிரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். ஆனாலும் ஃபிரிட்ஜ் ஓடியது.

கரண்ட் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மழைக்கு முந்தின சாயங்கால இருட்டு ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் இறங்கியிருக்க, ஈர மண் வாசனையோடு பழைய எண்ணெய் வாசனையும் கலந்து வர, அந்த மோட்டார் மட்டும் தொண்டைக்குள் பாடுகிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. ப்ளக்கைத் தரையில் போட்டாள். சத்தம் நின்றது. ஓடி ஓய்ந்திருக்கும், வேறென்ன? நாள் முழுக்கத் துணிக்கடையில் நின்றே சேலை விரித்துக் காட்டியவளுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை.

கரண்ட் போனால் அத்தனை ப்ளக்கையும் பிடுங்கிவிடுவது அவள் வழக்கம். போகிற கரண்ட் சும்மா போய்விடும், திரும்பி வரும்போதுதான் தூக்கி அடிக்கும். போன மழைக்காலத்தில் அப்படி அடித்துப் புருஷனின் ஆக்சிஜன் மெஷின் கருகிவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவர் நகமெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து புது மெஷினுக்கு மட்டும் தனியாக ஒரு இன்வெர்ட்டர். மற்றதெல்லாம் பிடுங்கித் தரையில். "பாம்பு பிடிக்கிறவ மாதிரி வீடெல்லாம் சுத்துறே" என்று அவர் கேலி செய்வார், சிரிக்க மூச்சு இருக்கிற நாட்களில்.

கூடத்தில் டிவி ப்ளக்கைப் பிடுங்கினாள். அணைந்துகிடந்த டிவியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணில் பூச்சி பறக்கிறதாக்கும் என்று நினைத்தாள். கீழே போட்டதும் விளக்கு அணைந்தது. உள்ளங்கை மரத்துப்போயிருந்தது. குளியலறைக்குப் பக்கத்தில் வாஷிங் மெஷினைப் பிடுங்கியபோது, உள்ளே வெறும் தொட்டி ஒரு சுற்று சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதடா அக்கடா என்று படுப்போம் என்றிருந்தது.

அப்போது இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது.

பேட்டரிக்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்றணும் என்று இன்வெர்ட்டர்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். போன மாதம் மறந்தாள். அதற்கு முந்தின மாதம், நாளைக்கு ஊற்றலாம் என்று தூங்கிப்போனாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு அறைக்கு ஓடினாள்.

இன்வெர்ட்டர் அடங்கியது. மெஷினும் நின்றது.

அவர் மூக்கில் குழாயோடு எழுந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை, டவரும் போய்விட்டது. பக்கத்து வீட்டை நோக்கிக் கத்தினாள். அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் அது யாருக்கும் கேட்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கை பழகின வேலையைச் செய்தது. மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கியது.

மெஷின் ஓடியது.

புஸ்... புஸ்... என்று சீராக. இன்வெர்ட்டர் செத்துக் கிடந்தது. தெரு முழுக்க இருட்டு. ப்ளக் அவள் கையில். அதன் மூன்று முனைகளும் உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன. வலிக்கவில்லை. ரத்தமும் இல்லை. தோளிலிருந்து ப்ளக்கை நோக்கி ஏதோ மெல்ல வடிந்தது. விரலைத் தளர்த்திப் பார்த்தாள். மெஷின் திணறியது, அவர் கண் செருகியது. பதறி இறுக்கிப் பிடித்தாள்.

"கரண்ட் வந்துடுச்சா?" என்றார் அவர், படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு.

"வந்துடுச்சுங்க."

"நீயும் போய்ப் படு. நாள் பூரா நின்னிருக்கே."

"இதோ" என்றாள்.

பயமாக இருந்தது. அழக்கூடத் தெம்பில்லாத பயம். அவர் மார்பு ஏறி இறங்கியது. அது போதும். விடியட்டும். யாராவது வருவார்கள்.

சமையலறையில் ஏதோ உரசியது.

தரையோடு தரையாக. மெதுவாக. கூடத்தில் இன்னொன்று. குளியலறைப் பக்கம் மூன்றாவது. அறை வாசற்படியில் ரப்பர் ஒயர் இழுபடும் சத்தம்.

அவள் நகரவில்லை. நகர்ந்தால் ப்ளக் நழுவும்.

குதிகாலில் ஜில்லென்று பித்தளை பட்டது. மூன்று முனைகள். உள்ளே இறங்கின.

சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.