அதுவரை எதுவும் வராது

அண்ணனின் மடிக்கணினியை இணைக்கும் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். அப்படியும் அண்ணனிடமிருந்து செய்தி வந்துகொண்டுதான் இருந்தது.

மேசையில் இருந்தவை இரண்டு பழைய கணினிகள். மூன்றாவது அண்ணனின் மடிக்கணினி. அது லாரிக்கு அடியில் அவனோடு நசுங்கிப் போனது. சிப் வடிவமைப்பவன் அவன். பெரிய மின்சுற்று ஒன்றை மூன்று துண்டாக்கி, சரியாக வேலை செய்கிறதா என்று மூன்று கணினிகளிலும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்ப்பான். ஒரு கணினி நேரத்தில் முந்திவிட்டால் அடுத்த துண்டிலிருந்து வரும் சிக்னலைத் தவறவிடும். அதனால் அனுப்ப ஒன்றுமில்லாவிட்டாலும், 'இந்த நேரம் வரை என்னிடமிருந்து எதுவும் வராது, நீ போ' என்று ஒன்றுக்கொன்று சொல்லியாக வேண்டும். தங்கைக்குப் புரியட்டும் என்று சுவர்க் கடிகாரத்தின் நேரத்திலேயே ஓட விட்டிருந்தான்.

"லேட்டாகும்னா அம்மாகிட்ட சொல்லிடுவோம்ல வாலு, அதேதான். சொல்லலன்னா பாவம், வாசலையே பாத்துட்டு நிப்பாங்க" என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

கணினிகளின் மின்விசிறி முனகலையாவது கேட்கலாம் என்றுதான் பொழுது சாயும் நேரத்தில் அவற்றைப் போட்டாள். சூடேறிய தூசியின் வாசனையும், ஜன்னலில் வழிந்த மழையும், திரையின் நீல வெளிச்சமும் சேர்ந்து அறை பழையபடி ஆனபோது, வர முடியாத இடத்திலிருந்து முதல் செய்தி வந்தது. அதுவரை எதுவும் வராது. நீ போ. பிறகு இன்னொன்று, நேரத்தைச் சற்றே தள்ளிப் போட்டு. பிறகு இன்னொன்று.

பிறகு நின்றது.

கடைசியாகச் சொன்ன நேரத்தைக் கடிகாரம் தாண்டியது. இரண்டு கணினிகளும் அசையாமல் காத்திருந்தன.

சத்தம் கேட்டு வந்த அம்மா முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னடி சொல்றான் என்று கேட்டாள், அவன் பக்கத்து அறையில் இருப்பதுபோல.

"வரமாட்டேன்னு சொல்றத நிறுத்திட்டான்மா."

வாய் தவறி வந்துவிட்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே விடவில்லை. பெத்தவள் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று மாமா தடுத்துவிட்டார். மாமாவின் பின்னால் நுழைந்து, துணிக்கு அடியில் இருந்ததைப் பார்த்தவள் இந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

வெளியே கேட் கிரீச்சிட்டது.

ஈரத் தார்ச்சாலையின் வாசனை. ஒரு காலடி. பிறகு இழுபடும் சத்தம். மறுபடி ஒரு காலடி.

தாழ்ப்பாளில் அம்மாவின் கை. அதன்மேல் அவள் கை.

"கைய எடுடி. நனைஞ்சிட்டு நிக்கிறான் புள்ள."

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு. ஈரமாக. பாதி மூச்சு.

வந்து நிற்பது அன்று காலையில் சிரித்துக்கொண்டே போன அண்ணனா, அவள் பார்த்த அண்ணனா?