அறுபது குதிரைகள் காணவில்லை

திங்கட்கிழமை. காலை 9.10.

அறுபது குதிரைகளைக் காணோம் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் புகார் வந்தது.

புகார் கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஏட்டு. முப்பத்து நான்கு வருடம் காக்கிச் சட்டை போட்டவர். சட்டையைக் கழற்றி ஒரு வருடம் ஆகியும் அந்தக் குரலை மட்டும் இன்னும் கழற்றவில்லை. சிவப்பு காரை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியவரின் பின்னால், கைப்பையோடு அவர் மனைவியும் இறங்கினார். பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸாக இருந்தவர். அக்கம்பக்கம் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான்.

“நூத்தி இருபது குதிரை சக்தின்னு சொல்லித்தானே இந்த வண்டிய வித்தாங்க? நேத்து மலை ஏறும்போது பாத்தேன். பாதிதான் இருக்கு. மிச்சம் எங்கப்பா போச்சு?”

கேட்டது மெக்கானிக்கை. ஸ்பானரைப் பிடித்திருந்த அவன் கை அப்படியே நின்றது.

“இன்னைக்கோட நாலாவது வாரம். ஞாயித்துக்கிழமை மலை மேல மக வீட்டுக்குப் போறேன். மினி பஸ் என்னை ஓவர்டேக் பண்ணுது. கண்டக்டர் ஜன்னல் வழியா டாட்டா காட்டுறான். திங்கக்கிழமை இங்க வந்தா, நீ ஒரு ரவுண்டு ஓட்டிட்டு ‘வண்டி ஜம்முனு இருக்கு’ங்கிற.”

“ஜம்முனுதானே இருந்துச்சு, ஏட்டய்யா?”

“போன மாசம் ஆயில் கசியுதுன்னு டர்போவ வெளிய எடுத்தியே. அன்னைக்கு என் புது டர்போவ எடுத்துக்கிட்டு எவனோ தூக்கிப் போட்டத மாட்டிட்ட. பன்னண்டு மணி வரைக்கும் டைம் தர்றேன். இல்லேன்னா என் பழைய ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு போன்தான்.”

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தான். பதினோரு வருடமாக ஒரு நட்டைக்கூட மாற்றிப் போடாதவன் என்று வாங்கிய பெயர், மதியத்துக்குள் திருட்டுப் பட்டமாக மாறப் போகிறது.

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தாள். அந்த ஒர்க்‌ஷாப்பின் எலெக்ட்ரீஷியன். பெயர் மீட்டர். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஊர் அதை மறந்துவிட்டது. எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். கணவன் காய்ச்சல் என்று படுத்தாலும் தெர்மாமீட்டர் சொன்ன பிறகுதான் அவனுக்கு லீவு.

“பழைய டர்போன்னா திங்கக்கிழமை மட்டும் எப்படி ஏட்டய்யா புதுசாகும்?” என்றாள்.

ஏட்டு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “அதைக் கண்டுபிடிக்கத்தான் பன்னண்டு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன்.”

காலை 9.40.

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். வண்டி பறந்தது. அதுதான் கொடுமை. பானெட்டைத் திறந்து பழைய பாடத்தை மறுபடி ஒப்பித்தான். ஆயில் சுத்தம். ஏர் ஃபில்டர் சுத்தம். பிளக் நாலும் பழுதில்லை. பெரிய ரப்பர் குழாய்களில் விரிசல் இல்லை. டர்போவின் சக்கரம் விரல் பட்டதும் சத்தமில்லாமல் சுற்றியது. பதற்றத்தில் ஒரு கிளிப்பின் விளிம்பு ஆள்காட்டி விரலைக் கிழித்தது.

“இங்க வாங்க தம்பி,” என்றார் சிஸ்டர்.

கைப்பையிலிருந்து பஞ்சு வந்தது. மருந்து வந்தது. வெள்ளை பிளாஸ்டர் சுருள் வந்தது. துடைத்து, சுற்றி, நறுக்கி, நுனியை மடித்து ஒட்டி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“நாலு வாரமா வராதவங்க இன்னைக்கு எப்படி சிஸ்டர் கூடவே வந்தீங்க?” என்றாள் மீட்டர்.

“சும்மாதாம்மா. வீட்ல தனியா உக்காந்து என்ன செய்ய?”

காலை 10.05.

மீட்டர் ஸ்கேனரை மாட்டினாள். காரின் கம்ப்யூட்டர் பொய் சொல்லத் தெரியாத சாட்சி. ‘காற்றழுத்தம் போதவில்லை’ என்று நான்கு பதிவுகள் இருந்தன. நான்கும் ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பதிவு நேற்றுக் காலை 7.22. மற்ற ஆறு நாளும் வெள்ளைத் தாள்.

“ஏங்க, ஏட்டய்யா பொய் சொல்லல,” என்றாள் கணவனிடம் மெதுவாக.

“அப்ப நான் திருடனா?”

“நீங்களும் பொய் சொல்லல. ஞாயித்துக்கிழமை காணாமப் போற குதிரை, ராத்திரிக்குள்ள லாயத்துக்குத் திரும்பி வந்துடுது. திருடுற ஆளே திரும்பக் கொண்டாந்து கட்டிட்டுப் போறாங்க.”

“எந்தத் திருடன் அப்படிச் செய்வான்?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.”

காலை 10.40.

ஏட்டுவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரில் மீட்டர் நின்றாள்.

“கேள்வி கேக்குறது என் வேலை,” என்றார் ஏட்டு.

“இன்னைக்கு ஒரு நாள் பதில் சொல்லிப் பாருங்க. சனிக்கிழமை சாயந்திரம் வண்டி எங்க நிக்கும்?”

“வீட்டு ஷெட்டுல. பூட்டு போட்டிருக்கும்.”

“சாவி?”

“என் தலகாணிக்கு அடியில. என்னைத் தவிர ஒரு ஈ எறும்பு தொடாது.”

“ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?”

“ஏழு. ஆறரைக்கு ஷேவ் பண்ணுவேன். அதுக்குள்ள இவ தண்ணி பாட்டிலு, ஃபிளாஸ்க்கு எல்லாத்தையும் வண்டியில அடுக்கிடுவா. அப்புறம் நேரா மலைதான்.”

“சாயந்திரம் திரும்பி வந்ததும்?”

“நான் நாற்காலியில சாஞ்சிடுவேன். இவ பாட்டில எடுத்துட்டு வந்து சாவியக் குடுப்பா. இதெல்லாம் எதுக்கு? திருடன் உள்ள இருக்கான். நீ என் தண்ணி பாட்டில விசாரிக்கிற.”

மீட்டரின் கண் பக்கவாட்டில் போனது. தள்ளி உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த சிஸ்டர், கால் மணி நேரமாக ஒரே பக்கத்தில் இருந்தார்.

காலை 11.15.

மீட்டர் டார்ச்சோடு இஞ்சினுக்குள் தலையை விட்டாள். எங்கும் மெல்லிய புழுதி. ஆனால் பென்சில் கனத்தில் ஓடிய ஒரு ரப்பர் டியூபின் நுனி மட்டும் துடைத்தாற்போல் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே, இஞ்சின் அடித்தட்டில், வெள்ளையாக ஏதோ கிடந்தது. நீள இடுக்கியால் எடுத்தாள்.

தொப்பி போலச் சுருண்ட ஒரு துண்டு பிளாஸ்டர். டியூபின் வாயை மூடிய வட்டத் தடம் அதில் அப்படியே பதிந்திருந்தது. ஒரு நுனி உள்பக்கமாக மடிந்திருந்தது.

“ஏங்க, நீங்க டேப் ஒட்டினா எப்படி ஒட்டுவீங்க?”

“இதென்ன கேள்வி? பல்லால கிழிச்சு கடைசி வரைக்கும் அழுத்தி ஒட்டுவேன். அப்புறம் பிரிக்க நகம் போயிடும்.”

“சரி, இந்த டர்போ எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்காவது விளக்கிச் சொன்னீங்களா?”

மெக்கானிக்கின் முகம் லேசாக மலர்ந்தது. “சிஸ்டருக்குச் சொன்னேனே. போன மாசம் டர்போவக் கழட்டி வச்சிருந்தப்ப ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னு கேட்டாங்க. அவ்வளவு அக்கறையா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நீகூடத்தான்.”

காலை 11.40.

மெக்கானிக் கை கழுவப் போனான். நனைந்த பிளாஸ்டரை மாற்ற வேண்டும். நகம் தேடவில்லை, பல் தேடவில்லை. மடித்திருந்த நுனியைப் பிடித்து இழுத்தான். வாழைத்தோல் மாதிரி உரிந்து வந்தது.

மீட்டர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்தில் இஞ்சினில் கிடைத்ததை வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காலை 11.50.

ஏட்டு போனைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

“திருடன் கிடைச்சாச்சு, ஏட்டய்யா,” என்றாள் மீட்டர். “குதிரை போன வழிய முதல்ல சொல்றேன். இஞ்சின் விடுற புகை போற வழியில ஒரு சக்கரம் இருக்கு. புகை அதைச் சுத்திவிடும். அதே தண்டுல மறுபக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்த அமுக்கி உள்ள தள்ளும். காத்து அதிகமானா பெட்ரோலும் அதிகமா எரியும். உங்க அறுபது குதிரை அந்தக் காத்துலதான் வருது.”

“தெரியும். மேல சொல்லு.”

“பெடல்லருந்து கால எடுத்தா அமுக்கின காத்து போக வழி வேணும். அதுக்கு ஒரு சின்ன வால்வு இருக்கு. மலை ஏறும்போது அந்த வால்வ இறுக்கி மூடி வைக்கிறது இந்த டியூப்தான். இதைக் கழட்டிட்டா வால்வு தொளதொளன்னு திறந்துக்கும். டர்போ தள்ளுற காத்து உள்ள போகாம வந்த வழியே சுத்திக்கிட்டு இருக்கும். டியூப் வாய அப்படியே விட்டா நிக்கும்போது இஞ்சின் தடதடக்கும், நீங்க சந்தேகப்படுவீங்க. அதனால பிளாஸ்டர் போட்டு மூடியிருக்காங்க. சுத்தமான வேலை. வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்ல.”

“யாரு?”

மீட்டர் இரண்டு பிளாஸ்டரையும் நீட்டினாள். “ஒண்ணு இஞ்சின்ல கிடந்தது. இன்னொண்ணு இவர் விரல்ல இருந்தது. ரெண்டுலயும் நுனி மடிச்சிருக்கு. கையுறை போட்டுக்கிட்டு ஒரு நாளைக்கு நூறு பிளாஸ்டர் பிரிச்சவங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் வரும். வேண்டாம்னு நினைச்சாலும் விரல் தானா மடிக்கும். ஞாயித்துக்கிழமை ஆறரை மணிக்கு, நீங்க முகத்துல சோப்பு நுரையோட நிக்கும்போது, பாட்டில் வைக்கிறேன்னு சாவி வாங்குற ஆள் ஒருத்தர்தான்.”

ஏட்டு திரும்பினார். மிக மெதுவாக.

சிஸ்டர் வாரப் பத்திரிகையை மூடினார். “பதினொண்ணு அம்பத்தொம்பதுக்கு நானே சொல்லியிருப்பேன்,” என்றார்.

“நீயா?”

“ஆறு மாசம் முன்னாடி நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வச்ச ஆளு நீங்க. மலை வளைவுல லாரிய முந்தும்போது உங்க கையப் பிடிச்சேனே, ஞாபகம் இருக்கா?”

“நீ ஏதோ ஆசையாப் பிடிச்சதா நினைச்சேன்.”

“நாடி பாத்தேன். நூத்தி முப்பது. சொன்னா கேக்குற ஆளா நீங்க? தம்பி டர்போவப் பத்திச் சொல்லும்போது எனக்கு எங்க வென்டிலேட்டர் ஞாபகம் வந்துச்சு. அதுலயும் டியூப்புதான், வால்வுதான், காத்துதான். எங்க கழட்டினா பிரஷர் இறங்கும்னு எனக்குத் தெரியாதா? வண்டியோட பிரஷர் குறைஞ்சா உங்க பிரஷரும் குறையும்னு நினைச்சேன்.”

“அந்த பிரஷர் மொத்தமும் என் தலையில இறங்கிடுச்சு சிஸ்டர்,” என்றான் மெக்கானிக்.

சிஸ்டரின் குரல் தணிந்தது. “உங்க மேல பழி வரும்னு சத்தியமா நினைக்கல தம்பி. போன் பண்ணப் போறேன்னு இவர் காலையிலதான் சொன்னார். உண்மையச் சொல்லத்தான் கூட வந்தேன். வந்த இடத்துல வாய் வரல.”

ஏட்டு போனைச் சட்டைப் பையில் போட்டார். எழுந்து மெக்கானிக்கின் முன்னால் போய் நின்றார். கை அரைவாசி சல்யூட்டுக்கு உயர்ந்து, வழியில் மனம் மாறி, அவன் தோளில் இறங்கியது.

“தப்பு என் மேலப்பா. முப்பத்தி நாலு வருஷம் திருடன் பிடிச்சவன். பக்கத்து சீட்டுல உக்காந்து வந்த திருடியக் கோட்டை விட்டுட்டேன்.”

“தண்டனை என்ன ஏட்டய்யா?” என்றாள் மீட்டர்.

ஏட்டு கார்ச்சாவியை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை மனைவியின் மடியில் போட்டார். “மலைக்கு இனிமே நீயே ஓட்டு. குதிரைய மட்டும் விட்டு வை.”

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் நான்கு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை. காலை 9.10.

ஏட்டு தனியாக வந்தார். நடந்து வந்தார். தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

“என்ன ஏட்டய்யா, நேத்து மலை எப்படி?” என்றாள் மீட்டர்.

“முப்பது வருஷம் சீரியஸ் கேஸ்களோட ஆம்புலன்ஸ்ல போனவ அவ. அதை நான் யோசிக்காமப் போயிட்டேன்.” அவர் நெற்றியைத் துடைத்தார். “மினி பஸ்ஸ முந்தினா. அதுக்கு முன்னாடி போன ரெண்டு லாரியவும் முந்தினா. கண்டக்டருக்கு டாட்டா வேற காட்டுறா. என் நாடிய நானே பிடிச்சுப் பாத்தேன். எண்ண முடியல.”

மெக்கானிக் சிரிப்பை மறைக்க டயருக்குப் பின்னால் குனிந்தான்.

ஏட்டு இன்னும் நெருங்கி வந்தார். முப்பத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக அந்தக் குரல் கிசுகிசுத்தது.

“அந்த டியூப்பு… அது எதுன்னு மட்டும் கொஞ்சம் காட்டும்மா.”

மீட்டர் மேஜை டிராயரைத் திறந்தாள். ஒரு வெள்ளை பிளாஸ்டர் சுருளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“காட்டுறேன். ஆனா நுனிய மடிக்காம ஒட்டுங்க, ஏட்டய்யா. சிஸ்டர் அப்படித்தான் மாட்டிக்கிட்டாங்க.”