ஓடாத ஆமை

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். தூக்கத்தில்கூட யாருடனாவது சண்டை பிடிப்பாள் என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்டவள் சில வாரங்களாக வாய்க்குப் பூட்டுப் போட்டது போல இருந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஆமை.

வாயாடியின் அக்கா தூர தேசத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இங்கே இரவு என்றால் அங்கே பகல். அங்கே கிளம்பும் முன் அக்காவும் தங்கையும் சேர்ந்து, இணையம் வழியே இருவரும் ஆடக் கணினியில் ஒரு விளையாட்டு செய்திருந்தார்கள். இரண்டு ஆமைகள், நீளமான ஒரு பாதை, பாதை முடிவில் ஒரு கட்டுக் கீரை. வாயாடி தூங்கப் போகும் முன் தன் ஆமையை நகர்த்துவாள். அவள் தூங்கும்போது, அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன்னுடையதை நகர்த்துவாள்.

காலையில் கண் விழித்ததும் வாயாடி கணினி முன்னால்தான் நிற்பாள். அக்காவின் ஆமை நகர்ந்திருந்தால், ராத்திரி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டுப் போனது போல இருக்கும்.

ஒருநாள் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அத்தோடு விளையாட்டு நின்றுபோனது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது: ‘ஓடு என்றால் எது?’

போனில் பேசலாம்தான். பேசினார்கள்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“படிச்சியா?”

“ம்.”

“சரி, அம்மாகிட்ட குடு.”

சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. ஆனால் போனைக் கையில் எடுத்தால் ‘ம்’ மட்டும்தான் வந்தது. அக்கா வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். அதை எப்படிப் போனில் சொல்வது?

அந்த விளையாட்டை அவர்கள் ‘ஆமைப்பெட்டி’யை வைத்துச் செய்திருந்தார்கள். அது விளையாட்டுகள் செய்ய உதவும் நிரல் தொகுப்பு. ஓடு, நில், திரும்பு என்று தமிழிலேயே கட்டளை கொடுக்கலாம். ‘ஆமைக்காரர்’ என்ற பெயரில் ஒருவர் அதை எழுதி, இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்தார். காசு கிடையாது. யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம், அவர் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்.

ஆனால் ஆமைக்காரரைத்தான் காணோம். அவருடைய பக்கத்தில் மற்றவர்கள் எழுதியது மட்டும் வரிசையாகக் கிடந்தது.

“எப்போ சரி பண்ணுவீங்க?”

“தூங்குறீங்களா?”

“முடியலன்னா எதுக்கு ஆரம்பிச்சீங்க?”

வாயாடியும் கோபமாக ‘எப்போ’ என்று அடித்தாள். பிறகு மேலே இருந்ததை மறுபடி படித்தாள். இத்தனை பேர் கதவைத் தட்டினால் யார்தான் வெளியே வருவார்? அடித்ததை அழித்துவிட்டு வேறு எழுதினாள்.

“உங்க பெட்டி இருந்ததாலதான் நானும் அக்காவும் தினமும் விளையாடினோம். ரொம்ப நன்றி. இப்போ ஆமை ஓடல. அது இருக்கட்டும், நீங்க நல்லா இருக்கீங்களா?”

சில நாள் கழித்துப் பதில் வந்தது.

“இந்தப் பக்கத்தைத் திறக்கவே பயமா இருந்துச்சும்மா. எங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கு. ஒரு கையில பாப்பா, இன்னொரு கையில பால் புட்டி. மூணாவது கை முளைச்சதும் சரி பண்ணலாம்னு இருந்தேன். பிழை எங்கன்னு நீ கண்டுபிடிச்சா திருத்தி அனுப்பு. பார்த்துச் சேர்த்துடுறேன்.”

வாயாடி பெட்டியைத் திறந்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. ‘ஓடு’ கட்டளை இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை காலை அம்மா முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வாண்டு கிண்ணத்தைப் பிடித்திருந்தான்.

“ஓடு, ஓடு” என்றாள் அம்மா.

வாண்டு கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடினான்.

“டேய், எங்கடா போற?”

“நீதானம்மா ஓடச் சொன்ன.”

“முட்டைக்குள்ள ஓடு விழுந்திருச்சு, எடுன்னு சொல்ல வந்தேன்டா.”

அப்பா சிரித்தார். வாயாடி சிரிக்கவில்லை. எழுந்து கணினிக்கு ஓடினாள்.

இந்த முறை ‘ஓடு’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினாள். இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, ஆமையை ஓட வைக்கும் கட்டளை. இன்னொன்று, ஆமையின் முதுகில் இருக்கும் ஓட்டின் படம். புதுப்பிக்கும் முன் கணினி இரண்டையும் எப்படியோ சமாளித்திருக்கிறது. புதுப்பித்த கணினி கறார்ப் பேர்வழி, ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான் என்று அடம் பிடிக்கிறது.

விஷயத்தை எழுதி அனுப்பினாள்.

“அட, என் தலையில நானே மண்ணைப் போட்டுக்கிட்டேனா” என்று ஆமைக்காரர் எழுதினார். “கட்டளையை ‘விரை’ன்னு மாத்திடலாமா?”

வாயாடி யோசித்தாள். “வேணாம். எல்லாரும் அவங்கவங்க விளையாட்டுல ‘ஓடு’ன்னுதான் எழுதியிருப்பாங்க. அதை மாத்தினா எல்லாரோட ஆமையும் நின்னுடும். படத்தோட பேரை நம்ம பெட்டி மட்டும்தான் கூப்பிடுது. அதை மாத்தலாம்.”

“என்ன பேர் வைக்கலாம்?”

“முதுகுவீடு.”

“பாப்பாகிட்ட கேட்டேன். கொட்டாவி விட்டா. சம்மதம்னு எடுத்துக்கலாம்.”

வாயாடி திருத்தி அனுப்பினாள். ஆமைக்காரர் சேர்த்தார். சாயங்காலத்துக்குள் யார் யாரோ தங்கள் விளையாட்டு ஓடுகிறது என்று எழுதினார்கள். ‘தூங்குறீங்களா’ என்று கேட்டவர், “இனிமே நானும் உதவி பண்ணட்டுமா?” என்று கேட்டிருந்தார்.

வாயாடி தங்கள் விளையாட்டைத் திறந்தாள். ஆமைகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவளுடையது எங்கோ பின்னால் கிடந்தது. அக்காவுடையது கீரைக்குப் பக்கத்தில் இருந்தது, இன்னும் ஒரே நகர்வுதான். அக்கா விளையாட்டில் தங்கை என்றெல்லாம் பார்க்கமாட்டாள். வாயாடி தன் ஆமையை நகர்த்தினாள். ‘ஆமை ஓடுது’ என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தாள்.

விடிந்ததும் வந்து பார்த்தாள். கீரைக்கட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் அக்காவின் ஆமையைக் காணவில்லை. மறுபடியும் கெட்டுவிட்டதோ?

பாதையின் பின்பக்கம் வரை தேடிப் போனாள். அங்கே அவளுடைய ஆமையை ஒட்டி அக்காவின் ஆமை நின்றிருந்தது. நகர்த்தி நகர்த்தி அவ்வளவு தூரமும் அதை அக்கா திருப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

உடனே போன் போட்டாள். “கீரைகிட்ட போயிட்டு எதுக்குக்கா திரும்பி வந்த?”

“அங்க தனியா நின்னுக்கிட்டு நான் என்னடி பண்றது?” என்றாள் அக்கா.

வாயாடி கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஆமைக்காரர், பாப்பா, வாண்டு, முட்டை என்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா இரண்டு முறை கை நீட்டியும் போன் அவளுக்குக் கிடைக்கவில்லை.