கயிற்றின் மறுமுனை

"பின்னால எடுங்க மேடம்!"

"நீங்க எடுங்க சார்!"

இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்கு இடிக்காத குறையாக நின்றன. அட்லாண்டிக் கரையில் கார்ரிக்வான் முனைக்கு ஏறும் மலைச்சாலை அது. ஒரு வண்டி போகத்தான் இடம். நடுவில் புல் வேறு முளைத்திருந்தது. ஒரு பக்கம் கற்சுவர்... மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. அதற்கும் கீழே எங்கேயோ கடல் உறுமிக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நெஸாவின் உள்ளங்கை வியர்த்தது. உயரம் என்றாலே சின்ன வயதிலிருந்து அவளுக்கு உதறல். முன்னால் போகச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவாள். பின்னால்? இந்தப் பாதாளத்தின் ஓரத்தில்? செத்தாலும் மாட்டாள். அதைப் போய் முன்பின் தெரியாத ஒருவனிடம் சொல்ல முடியுமா என்ன?

"ஆகஸ்ட் மாசம் கூட்டமா இருக்கும்னுதான் பிப்ரவரியில வந்தோம். மலையிலயே ஒரே ஒரு வண்டி, அதுவும் நமக்கு எதிர்லயா வரணும்?" பின் சீட்டில் அம்மா பிரீடா சாண்ட்விச் டப்பாவை மடியில் அணைத்தபடி பெருமூச்சு விட்டாள். பிறகு எட்டிப் பார்த்தாள். "ஆனா பையன் பார்க்க நல்லாத்தான் இருக்கான். கொஞ்சம் மெதுவா திட்டு."

"அம்மா!"

பக்கத்து சீட்டில் அப்பா மாலக்கி சிரித்தார். போன இலையுதிர்காலத்தில் இதய ஆபரேஷன் ஆனவர். அதிலிருந்து வீட்டை விட்டு நகரவே இல்லை. பிப்ரவரி தொடக்கத்தில் வரும் புனித பிரிஜிட் விடுமுறைக்காவது காற்று வாங்கட்டும் என்று நெஸாதான் பிடிவாதமாகக் கிளப்பிக்கொண்டு வந்தாள்.

எதிரே இருந்தவன் வேனிலிருந்து இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தான். தலைமுடியில் மழைத்துளிகள். மழைக்கு முந்தைய கடலின் நிறத்தில் கண்கள்... ஒரு விநாடி அவள் திட்ட வேண்டியதை மறந்தாள்.

"மேல போயும் பிரயோஜனமில்லங்க. டீக்கடை மூடியிருக்கு. ஈஸ்டருக்குத்தான் திறப்பாங்களாம்."

"டீ குடிக்கவா வந்தோம்? எங்கப்பா கடல் பார்க்க வந்திருக்கார்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அந்த வெளுத்த முகத்தைப் பார்த்தான். திரும்பிப்போய், வேனைப் பின்னோக்கியே மேலே ஏற்றினான். விளிம்பை உரசிக்கொண்டு, வளைவுக்கு வளைவு. அவன் முன் சீட்டில் சிவப்புக் கம்பளிக் குல்லா போட்ட ஒரு குட்டிப் பெண் இவர்களுக்குக் கையாட்டிக்கொண்டே போனாள்.

'ஓ... குழந்தை இருக்கா?' என்று நெஸாவின் மனசுக்குள் ஏதோ ஒன்று சுருங்கியது. உனக்கென்னடி அதில் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

மேலே போய் வண்டியை நிறுத்தியதும்தான் மூடுபனி வந்தது. கடலிலிருந்து ஒரு சுவர் எழுந்து நடந்து வந்தது போல... முதலில் பாறைகள் போயின. பிறகு வேலி போயிற்று. பிறகு மூடிக்கிடந்த டீக்கடையே கரைந்துவிட்டது.

"போச்சு!" அவன் வேன் கதவை அறைந்து சாத்தினான். "நீங்க வழி விட்டிருந்தா இந்நேரம் நான் கீழ இருந்திருப்பேன். இந்தப் பனியில எப்படிங்க இறங்கறது?"

"நான் என்ன சொல்லிவச்சா பனியை வரச் சொன்னேன்?"

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யாருக்குத் தெரியாது? உங்களுக்குத்தான் பொம்பளைங்க வண்டி ஓட்டினா கண்ணு உறுத்துது!"

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

வார்த்தைக்கு வார்த்தை ஏறியது. அவளுக்கே தெரிந்தது, பாதிக் கோபம் பயம் என்று. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுவது கொஞ்சம் பிடித்தும் இருந்தது...

"அடியே!" அம்மாவின் குரல் காரிலிருந்து கீறிக்கொண்டு வந்தது. "உங்கப்பா எங்கடி?"

முன் சீட்டு காலி. கதவு திறந்தே கிடந்தது.

அவன் சட்டென்று வேனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கத்துக் கதவும் திறந்திருந்தது. சீட்டில் பாதி தின்ற பிஸ்கெட் மட்டும்.

"முரின்!" அவன் கத்தினான். "முரின்!"

பனி அந்தப் பெயரை அப்படியே விழுங்கிக்கொண்டது.

"ஆட்டுக்குட்டி பார்க்கணும்னு சொல்லிட்டே இருந்தா..." அவன் உதடு வெளிறியது. "பின்னாலயே உங்கப்பா போயிருக்கணும். அவர் பார்த்திருக்கார். நான்தான்... நான் உங்களோட கத்திக்கிட்டு இருந்தேன்."

நெஸா பனிக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அப்பாவின் இதயம். அந்தக் குட்டிப் பெண். விளிம்பு எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியாத இந்த வெள்ளை இருட்டு.

ஃபோனில் சிக்னல் இல்லை. "நீ போ. நான் ஹாரன் அடிச்சிக்கிட்டே இருக்கேன், சத்தத்தை வச்சுத் திரும்பி வாங்க" என்று அம்மா டிரைவர் சீட்டுக்கு மாறினாள். குரல் நடுங்கவில்லை.

மரம் வெட்டுகிறவனாம் அவன். வேனிலிருந்து தடித்த கயிறும் இடுப்பு வாரும் எடுத்தான். கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினான். கேட்காமலே மறுமுனையை அவள் இடுப்பில் கட்டினான். இருவரும் ஈரப்புல்லில் அடிமேல் அடி வைத்தார்கள். எங்கேயோ ஒரு ஆடு இருமியது. கடல் சத்தம் ஒரு நேரம் இடப்பக்கம் கேட்டது. இன்னொரு நேரம் நேர் கீழே...

"நில்லுங்க!" அவன் கயிற்றைச் சுண்டி இழுத்தான். அவள் தூக்கிய காலுக்குக் கீழே புல் முடிந்திருந்தது.

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்பா!" என்று கத்தினாள். அழுகையாகத்தான் வந்தது.

"இங்க இருக்கேன் கண்ணு..." மெல்லிய குரல். மிகப் பக்கத்தில்.

விளிம்பில் குப்புறப் படுத்திருந்தார் மாலக்கி. ஒரு கை கீழே தொங்கியது. அந்தக் கையில் ஒரு குட்டிக் கை. ஓர் ஆள் ஆழம்தான்... சாய்ந்த ஒரு புல்திட்டில், பாறையோடு ஒட்டிக்கொண்டு முரின் நின்றிருந்தாள். அந்தத் திட்டுக்கு அப்பால் வெறும் பனி.

"இழுக்க பலம் இல்லம்மா. விடவும் முடியல." அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

அவன் குனிந்து இழுக்கப் பார்த்தான், விளிம்பு மண் சரிந்தது. உடனே வாரை மாட்டிக்கொள்ளப் போனான். நெஸா தடுத்தாள்.

"உங்க எடையை நான் எப்படித் தாங்குவேன்? அப்பாவாலயும் முடியாது. நான்தான் இறங்கணும்."

"உங்களால..."

"எனக்கு உயரம்னா பயம். சாவு பயம். அதனாலதான் கார் பின்னால எடுக்கல. போதுமா? கட்டுங்க சீக்கிரம்!"

அவன் வாரை இறுக்கினான். கயிற்றைப் பழைய வேலிக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்தான். அந்தக் கண்கள் ஒரே ஒரு தரம் அவளைப் பார்த்தன.

"விடமாட்டேன்" என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தாண்டினாள். முழங்கை உரிந்தது. கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது... அது தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்கவே இல்லை. 'மாதாவே... மாதாவே...' கால் புல்லைத் தொட்டதும் குழந்தையை வாரி இடுப்போடு அணைத்தாள். குட்டி இதயம் பறவை மாதிரி அடித்துக்கொண்டது.

"காஹல் மாமா திட்டுவாரா?" என்று கிசுகிசுத்தாள் முரின். "அம்மா ஆஸ்பத்திரியில தம்பிப் பாப்பா வாங்கப் போயிருக்காங்க. என்னை பத்திரமா பார்த்துக்கச் சொல்லி மாமாகிட்ட விட்டாங்க."

மாமா! அட்லாண்டிக்கின் தலைக்கு மேல் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு இதைக் கேட்டு மகிழ்கிற மனசை என்ன செய்வது? நெஸாவுக்கே வெட்கமாக இருந்தது.

நெஸா தோளுக்கு மேல் தூக்கிப் பிடிக்க, முதலில் குழந்தை மேலே போனாள். அப்பா அவளைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டார். பிறகு கயிறு இறுகியது. நெஸா மேலே வந்து புல்லில் விழுந்தபோது, அவன் கயிற்றை விடவே இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளங்கை முழுக்க ரத்தம்.

அம்மாவின் ஹாரன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நால்வரும் திரும்பினார்கள். அப்பா மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு காரில் சாய்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டுக்கு நிறம் வந்தது. பிரீடா ஃபிளாஸ்க்கிலிருந்து சூடான டீயை ஊற்றி எல்லாருக்கும் நீட்டினாள்.

அவன் மட்டும் வாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்க சார்" என்று அப்பாவிடம் சொன்னான். நெஸாவைப் பார்க்கவே இல்லை. "ஒரு குழந்தையை ஒரு நாள் பார்த்துக்கத் துப்பில்லாதவன் நான். உங்க முகத்துல முழிக்கவே கூசுது."

"தப்பு உங்களுது மட்டும்..." என்று நெஸா தொடங்குவதற்குள் வேனில் ஏறிவிட்டான்.

'போகட்டுமே. நானா போய்க் கெஞ்சணும்?'

பனி விலகியிருந்தது. வேனின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டே அவள் மலை இறங்கினாள். இப்போது விளிம்பு பயமுறுத்தவில்லை. கீழே உள்ள கூட்டுரோடுதான் பயமுறுத்தியது. அங்கே அவன் இடப்பக்கம் திரும்பிவிட்டால்... அவ்வளவுதான். தேடுவதற்கு ஊர்கூடத் தெரியாது.

கூட்டுரோடு வந்தது. வேனின் இடது விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது.

"கடலுக்கு மேல தொங்கத் தைரியம் இருந்துச்சு" என்றாள் பின்னாலிருந்து பிரீடா, வெளியே பார்த்தபடியே. "ஒரு ஹாரன் அடிக்கத் தைரியம் இல்லையாக்கும்."

நெஸா ஹாரனில் கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

வேன் நின்றது. அவன் இறங்கினான். அவளும் இறங்கினாள். மெல்லிய தூறல். நடு ரோட்டில் இருவரும் நின்றார்கள்.

"நானும்தான் கத்தினேன்" என்றாள் அவள். "தப்புல பாதி என்னோடது. அதை மட்டும் நீங்க தனியா தூக்கிட்டுப் போக முடியாது."

அவன் தன் காயம்பட்ட கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"அது மட்டும் இல்லங்க. முரின் மேல வந்துட்டா. பத்திரமா இருக்கா. அதோட என் நடுக்கம் நின்னிருக்கணும்... நிக்கல. நீங்க இன்னும் கீழ இருந்தீங்க. என் அக்கா, பாப்பா எல்லாம் மறந்துபோச்சு. இந்தப் பொண்ணு மேல வரணும், வரணும்னு மட்டும்..." மலையை அண்ணாந்து பார்த்தான். "இப்பவும் பயமா இருக்கு. நீங்க வலப்பக்கம் திரும்பிப் போயிடுவீங்களேன்னு. பேர்கூடத் தெரியாத ஒருத்திக்காக ஒருத்தன் இவ்வளவு பயந்தா, அதுக்கு என்னங்க அர்த்தம்?"

தூறல் அவள் இமையில் நின்றது. துடைக்கவில்லை.

"எனக்கும் அதே பயம்தான்" என்றாள். மெதுவாக அவன் கையைத் தொட்டாள், வலிக்காத இடமாகப் பார்த்து.

"என் பேரு நெஸா."