ஒரே ஒரு இலக்கம் மாறினால்...

கணிதப் பேராசிரியர் படிப்பறைத் தரையில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்...

காபியோடு வந்த மனைவி போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது!

மேஜை முனையில் மோதி விழுந்திருக்கிறார் என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு நம்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கிழவர். பெற்ற தாய் சொன்னாலும் இன்னொரு தடவை விசாரிக்கிற ஆள்.

மேஜை முனையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கல் பேப்பர் வெயிட் மட்டும் இப்போதுதான் கழுவி வைத்த மாதிரி ஈரமாக இருந்தது!

இறந்தவரின் தம்பி அதே கல்லூரியில், அண்ணனுக்குக் கீழே வேலை. இருபது வருஷமாக மேடையில் மாலை அண்ணனுக்கு. நாற்காலி எடுத்துப் போடுவது தம்பி. வயிறு எரிந்து எரிந்தே அல்சர் வந்தவர் என்றான் கல்லூரி பியூன்.

இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அந்தத் தம்பி, பக்கம் முழுக்க நீளும் ஒரு எண்ணைத் தன் கண்டுபிடிப்பு என்று கணிதச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார்.

அது தன் புருஷன் கண்டுபிடித்தது என்று அழுதாள் அண்ணி. ஆதாரம் கேட்டார் இன்ஸ்பெக்டர். எழுத்தில் எதுவும் அவளிடம் இல்லை.

"அப்படி என்ன சார் இருக்கு இதுல?" என்று, எண் எழுதிய தாளோடு வந்து நின்ற தம்பியிடம் கேட்டார் ஏட்டு.

"பகா எண். ஒன்னாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. இதுல எந்த ஒரு இலக்கத்தை மாத்தினாலும் அந்த குணம் போயிடும். இந்த வகையில இதுவரைக்கும் கிடைச்சதுல இதுதான் பெருசு. எட்டு மாசம் நானே உக்காந்து சரிபாத்தேன்."

ஏட்டு தாளை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பென்சிலால் கூட்டினார்... நம்பிக்கை இல்லாமல் மறுபடி கூட்டினார். டீ ஆறிப்போனது.

எழுந்து வந்தார்.

"ஒம்பதாயிரத்து இருபத்தொன்னு."

"என்னய்யா அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இலக்கம் எல்லாத்தோட கூட்டுத்தொகை சார். மூணால வகுபடுது. அப்ப இந்த எண்ணும் மூணால வகுபடும். எங்க வாத்தியார் பிரம்பால சொல்லிக் குடுத்தது." தம்பியிடம் திரும்பினார். "எட்டு மாசமா என்னத்த சரிபாத்தீங்க?"

தம்பி தாளைப் பிடுங்கினார்.

"இருக்காது... அண்ணன் தப்பே பண்ண மாட்டானே..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.



"தப்பு பண்ணல தம்பி" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைக்காமல். "பள்ளிக்கூடத்துலேருந்து நீ காப்பி அடிக்கறேன்னு, எதை எழுதினாலும் ஒரு இடத்துல மாத்தி வெப்பார். சரியானதை என் காதுல போட்டுடுவார். இன்னிக்குக் காலையில சொன்னது... கடைசி இலக்கம் ஒம்பது இல்ல, ஏழு."

ஏட்டு விலங்கை எடுத்தார்.

"அண்ணன் மேல இம்புட்டு நம்பிக்கை வெச்ச தம்பிய என் சர்வீஸ்ல பாத்ததில்ல. கையை நீட்டுங்க சார்... பூட்டு நல்லா பூட்டும். நானே சரிபாத்தது!"